இரண்டாம் தண்டவாளம்

நீங்கள் எனக்காக வாங்கிவரச் சொன்ன கோப்பியில் சீனி சற்றுக் கூடுதல். ஆனாலும் சூடாக இருந்தது, குடித்துவிட்டேன். நன்றி. இந்த அறையில் காற்றாடி நன்றாக ஓடுகிறது. பூங்காவில் நான் வேலை பார்த்த கூண்டில் இருந்த காற்றாடி மூன்று வருஷமாக ஒரே பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் ஐயா, நேற்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். ஆயுத பூசை அன்று, இரண்டாம் நம்பர் காரில் ஏறி உட்கார்ந்துவிட்ட பாப்பாவை இறங்கி ஒன்றாம் நம்பருக்குப் போகச் சொன்னது ஏன் என்று. அவள் இறங்கிய இடத்தில் அவளுடைய அப்பா பிச்சைமுத்து உட்கார்ந்தான். அவன் இன்று இல்லை, அவள் இருக்கிறாள். ஆகவே கேள்வி நியாயமானது. ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு வரியில் சொன்னால் என்னைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாகும். அதனால்தான் காகிதம் கேட்டேன்.

மலாயில் எழுதலாம் என்றீர்கள். நான் யோசிக்கிற மொழியிலேயே எழுதிவிடுகிறேன். மொழிபெயர்ப்பவருக்குச் சந்தேகம் வந்தால் என்னிடமே கேட்கலாம். நான் எங்கும் போகப்போவதில்லை.

என் பெயர் நவமணி. வயது நாற்பத்தெட்டு. லகாட்டுக்கு அப்பால் ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே பிறந்தேன். தைப்பிங்கில் சித்தப்பா வீட்டில் தங்கி ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஃபாரம் த்ரீ வரை படித்தேன். மழைக்காலத்தில் பாதி வகுப்பு வராது. நான் ஒருநாளும் விட்டதில்லை. அங்கே நான் முழுமையாகக் கற்றுக்கொண்டது கடிதம் எழுதுவது. திரும்பி வந்து தோட்டத்து ஆபிசில் கணக்கெழுதும் சின்னக் கிராணியாக இருந்தபோது, குடியுரிமைக்கான நீல அடையாளக் கார்டுக்கு மனு, தொழிலாளர் லயத்துக் கூரைக்கு மனு, காணாமற்போன மருமகனுக்குக் கடிதம் என்று எல்லாருக்கும் எழுதிக் கொடுத்தேன். கேட்காதவர்களுக்காகவும் எழுதினேன்.

அப்படித்தான் எழுபத்து நான்கில் புகைக்கூடத்தைப் பற்றித் தோட்டத்துத் துரைக்கு ஒரு கடிதம் எழுதினேன். மேல் உத்திரத்தைக் கறையான் தின்றுவிட்டது, எந்த நேரமும் விழலாம் என்று. பதில் வரவில்லை. ஏழு மாதம் கழித்து உத்திரம் விழுந்தது. கீழே ரப்பர் ஷீட் உலர்த்திக்கொண்டிருந்த வீரம்மா செத்துப்போனாள். மூன்றாம் வாரம் துரையிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. டைப் அடித்தது. என் கடிதம் கோப்பில் கண்டெடுக்கப்பட்டது, நான் குறிப்பிட்டது முற்றிலும் சரி, வருந்துகிறோம் என்று மூன்று வரி, கீழே கையெழுத்து.

வீரம்மாவின் சாவில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை. அதைத் தெளிவாகப் பதிவு செய்துகொள்ளுங்கள். நல்ல பெண். ஆனால் என் ஆயுளில் மேலிடத்திலிருந்து எனக்கு வந்த பதில் அது ஒன்றுதான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

எழுபத்தொன்பதில் தோட்டம் கைமாறி வீடமைப்புக்குப் போனது. நான் ஈப்போவுக்கு வந்து இரண்டு மூன்று இடங்களில் இருந்துவிட்டு, எண்பத்திரண்டில் லகாட் சாலையோரம் ஒரு தவுக்கே, சீன முதலாளி, திறந்த பொழுதுபோக்குப் பூங்காவில் வேலைக்குச் சேர்ந்தேன். ஈயம் தோண்டிய பள்ளத்தில் நீர் தேங்கிய பழைய ஈயக்குட்டையைச் சுற்றிக் கிடந்த மணல்வெளி அது. ராட்டினம், மோதும் கார், பேய்வீடு, குட்டையில் படகுச் சவாரி எல்லாம் மற்ற இடங்களிலும் உண்டு. எங்களிடம் மட்டும் இருந்தது டிராக் ரேஸ்.

நீங்கள் பார்த்தபோது அது ஓடவில்லை என்பதால் விளக்குகிறேன். பக்கத்துப் பக்கத்தில் நேர்கோடாக இரண்டு தண்டவாளம், நூற்று இருபது கஜ நீளம். ஒவ்வொன்றிலும் நீள மூக்கு வைத்த ஒரு கார். ஒன்று சிவப்பு, மற்றது மஞ்சள். ஒரு காருக்கு ஒரு ஆள். எதிரே கம்பத்தில் விளக்குகள். சிவப்பு போய், மஞ்சள் போய், பச்சை விழுந்ததும் யார் முதலில் பெடலை மிதிக்கிறாரோ அவர் கார் முதலில் பிய்த்துக்கொண்டு போகும். கார்களுக்கு இன்ஜின் கிடையாது. ஈயச் சுரங்கத்தில் கழித்துப்போட்ட ஒரு வின்ச், கம்பிக்கயிற்றால் இழுக்கும். இன்ஜின் உறுமல் கேசட்டில் வரும். ஐந்து வினாடியில் எல்லாம் முடிந்துவிடும். அந்த ஐந்து வினாடிக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் பாகான் டத்தோவிலிருந்துகூட பஸ் பிடித்து வருவார்கள். மச்சானை மச்சான் தோற்கடிப்பார். மாமனாரை ஜெயித்துவிட்டு மருமகன் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்பார்.

கோடு முடிகிற இடத்தில் தண்டவாளத்தின் நடுவே தடித்த மரக்கட்டைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். காரின் அடியில் தொங்கும் இரும்புப் பட்டை அவற்றுக்கிடையே நுழையும், ஸ்பிரிங் கட்டைகளை இறுக்கும், கார் நிற்கும். அதுதான் பிரேக். அதற்கு அப்பால் ஒரு மணல்மேடு. மணல்மேட்டுக்கு அப்பால் ஈயக்குட்டை.

விளக்குப் பொத்தானை அழுத்துவதும் பதிவேடு எழுதுவதும் என் வேலை. பிரேக் என் வேலையல்ல. அது ஃபிட்டர் பிச்சைமுத்துவின் பொறுப்பு. என்னைவிட ஆறு வயது இளையவன், என்னைப் போலவே தோட்டத்திலிருந்து வந்தவன், அங்கே ஷீட் மெஷின் பார்த்தவன். அவனுக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். கச்சாங் பூத்தே, வறுத்த கடலை, விற்கும் மாரியம்மா மற்றவர்களுக்கு ஒரு பொட்டலத்தில் போடுவதைவிட அவனுக்கு ஒரு பிடி கூடவே போடுவாள். அவன் மனைவி முத்தம்மா எனக்குத் தூரத்து முறையில் தங்கை. மகள் பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது, டிக்கெட் கூண்டில் இருந்தாள்.

எண்பத்து மூன்று பிப்ரவரியில் ஒரு காலை, வேலை தொடங்கும் முன்பு, இரண்டாம் தண்டவாளத்துப் பிரேக் கட்டையை என் ஸ்டீல் ரூலரால் அளந்தேன். இரண்டு நூல் இருந்தது. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை ஃபிட்டர்கள் நூல் என்பார்கள். மூன்று நூலுக்குக் குறைந்தால் கட்டையை மாற்ற வேண்டும் என்று மெஷினோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. அன்றே மேனேஜர் லூயிசுக்கு முதல் கடிதம் எழுதினேன். முறைப்படி நகல் ஒன்றை ஃபிட்டருக்குக் கொடுத்தேன்.

பிச்சைமுத்து அதை நின்றபடியே படித்தான். பிறகு என்னைத் தண்டவாளத்துக்கே கூட்டிப்போய்க் குந்தி உட்கார்ந்தான்.

“அண்ணே, நீங்க அளந்தது வாய்ப்பக்கம்லா. பட்டை உள்ள நுழையணும்னு அங்க சீவி விட்டிருக்கு. புதுக் கட்டைக்கே வாயில ரெண்டு நூல்தான். நடுவுல வச்சுப் பாருங்க, அஞ்சு நூல் இருக்கும்.”

“புத்தகத்தில் நடுவில் அளக்கச் சொல்லவில்லை” என்றேன்.

“புஸ்தகம் எழுதுனவனுக்கு நடு எது, வாய் எதுன்னு தெரியும்ணே. அதான் சொல்லல.”

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் இரண்டாம் கடிதம் எழுதினேன்.

இரண்டரை வருஷத்தில் பதினேழு கடிதம். அளவு மட்டுமல்ல. தினமும் முதல் ஓட்டத்தை ஆளில்லாமல் மணல்மூட்டை ஏற்றி ஓட்ட வேண்டும் என்று மூன்றாவதில் எழுதினேன். மழையில் மணல்மேடு கரைகிறது என்று ஐந்தாவதில் எழுதினேன். காரில் பெல்ட் வேண்டும் என்பது ஆறாவது. ஆயுத பூசைக்கு மெஷினெல்லாம் சந்தனம் வைக்கிற ஆட்கள் பிரேக் கட்டைக்கும் வைக்கிறார்கள், ஈரமும் எண்ணெயும் பட்டால் கட்டை வழுக்கும், கூடாது என்பது ஒன்பதாவது. ஒவ்வொன்றுக்கும் தேதி, எண், நகல். பெல்ட் மட்டும் வந்தது. மணல்மூட்டை ஓட்டத்தைப் பிச்சைமுத்து தானாகவே செய்ய ஆரம்பித்தான், என் கடிதத்தால்தான் என்று யாரும் சொல்லவில்லை. மற்றதற்கெல்லாம் ஒரு வரி பதிலும் இல்லை.

நகலைக் கொடுக்கும்போதெல்லாம் பிச்சைமுத்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வான். “அண்ணே, எழுதுறதுல ரேஸ் வச்சா நீங்கதான் சாம்பியன்” என்பான். பாப்பா டிக்கெட் கூண்டிலிருந்து, “மாமா, அப்பாவுக்கு லவ் லெட்டர் குடுத்துட்டீங்களா? அம்மாகிட்ட சொல்லிருவேன்” என்று கத்துவாள். வரிசையில் நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். நான் கோபப்படுகிறவன் அல்ல. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

மேனேஜர் லூயிஸ் ஒருமுறை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். மேசையில் அவர் கால் இருந்தது.

“நவமணி, ஒங்க சூராட்டு, இத்தன லெட்டரையும் படிக்கிறதுக்கே எனக்கு ஒரு கிராணி வேணும் போலருக்கு. மெஷின் கெட்டு ரோசாக் ஆனா வந்து சொல்லுங்க, பாப்போம். ரோசாக் ஆகப்போவுதுன்னு சொல்லாதீங்க. அது சாமியாடிங்க வேல.”

“எழுத்தில் பதில் கொடுத்தால் நல்லது” என்றேன்.

“எழுத்துலயா? எதுக்கு? நம்ம ரெண்டு பேரும் ஒரே காம்பவுண்டுலதான இருக்கோம்.”

எண்பத்தைந்து ஜூன் மாதம் மாரியம்மாவிடம் கச்சாங் பூத்தே வாங்கினேன். கூம்பாகச் சுருட்டிய காகிதத்தில் கொடுத்தாள். பாதி தின்ற பிறகு காகிதத்தின் உட்புறம் என் கையெழுத்து தெரிந்தது. பதினான்காம் கடிதம். ‘அவசரம்’ என்று நான் அடிக்கோடு போட்ட இடத்தில் உப்பு ஒட்டியிருந்தது.

“ஆபிஸ்ல ஒரு கட்டு குடுத்தாங்கண்ணே, பழைய பேப்பர்னு” என்றாள் மாரியம்மா. “ஏன், கடல நமுத்துப் போச்சா?”

கடலை நன்றாகத்தான் இருந்தது. மீதியையும் தின்றுவிட்டுக் காகிதத்தைத் துடைத்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டாம் தண்டவாளத்தில் அறுபத்தொரு ஓட்டம். அறுபத்தொரு முறையும் கார் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. ஒவ்வொரு முறை நின்றபோதும் எனக்கு வருத்தமாக இருந்தது. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

பதினேழாம் கடிதம் செப்டம்பர் கடைசியில். ஒரு வாரம் கழித்து லூயிஸ் என் கூண்டுக்கே வந்தார்.

“ஆயுத பூச முடிஞ்சதும் நீங்க படகுக்குப் போயிருங்க நவமணி. நெழல்ல உக்காந்து விசில் ஊதுனா போதும். பொத்தான பாப்பா பாத்துக்கும்.”

“படகைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.”

“அதான் நல்லது. எழுதுறதுக்கு ஒன்னும் இருக்காதுலா” என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கெட்ட மனுஷர் அல்ல.

என் நிலையை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். படகுக்குப் போன பிறகு ரேசைப் பற்றி எழுத எனக்கு எந்த உரிமையும் இல்லை. பதினேழு கடிதமும் தவறு என்றாகிவிடும். தவறு என்றுகூட யாரும் சொல்லமாட்டார்கள், கடலை மடித்துவிடுவார்கள். பூசைக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் பிரேக் சரியாகவே பிடித்தது.

ஆகவே ஒரு சோதனை தேவைப்பட்டது. எந்த மெஷினுக்கும் சோதனை உண்டு. தினசரி முதல் ஓட்டம் மணல்மூட்டையோடுதான். அந்த ஓட்டத்தில் கார் நிற்காமல் மணல்மேட்டில் போய் முட்டினால் யாருக்கும் சேதமில்லை. லூயிஸ் பார்ப்பார். கோப்பைத் தேடுவார். மூன்று வரி எழுதுவார். நான் நினைத்தது அவ்வளவுதான்.

பூசை காலை பத்தரைக்கு நடந்தது. பூங்கா நான்கு மணிக்குத்தான் திறக்கும் என்பதால் வேலைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பிச்சைமுத்துதான் பூசை செய்வான். வின்ச்சுக்கு, விளக்குக் கம்பத்துக்கு, இரண்டு காரின் மூக்குக்கும், என் பொத்தானுக்கும்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். பிரேக் கட்டைப் பக்கம் போகவில்லை. முந்தின வருஷமும் போகவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. லூயிஸ் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். கடைசியில் பிச்சைமுத்து நீட்டிய கற்பூரத் தட்டில் ஒரு வெள்ளிக்காசைப் போட்டுவிட்டு, பழக்கத்தில் சிலுவை போட்டுக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

பிறகு பொங்கலும் சுண்டலும் சாப்பிட ஸ்டோர் கொட்டகைக்குப் போனார்கள். நான் பின்தங்கினேன். பூசைக்கு வாங்கிய நல்லெண்ணெய்ப் போத்தலில் முக்கால் பாகம் மீதி இருந்தது. இரண்டாம் தண்டவாளத்தின் முடிவுக்கு நடந்தேன். என் கடிதமெல்லாம் இரண்டாம் தண்டவாளத்தைப் பற்றியே என்பதால் ஒன்றாவதைத் தொடவில்லை. கட்டைக்கு இரண்டு மூடி வீதம், பட்டை நுழையும் இடுக்கில் ஊற்றினேன். மரம் குடித்தது. ஒவ்வொன்றுக்கும் இன்னும் ஒரு மூடி. வெளியே வழிந்தது தெரியாமலிருக்க, கிண்ணத்தில் இருந்த சந்தனத்தை எடுத்து ஒவ்வொரு கட்டையின் மேலும் அகலமாக ஒரு பொட்டு வைத்தேன். குங்குமமும் வைத்தேன். பதினைந்து நிமிஷம் ஆனது.

கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பிச்சைமுத்து வந்துகொண்டிருந்தான். எனக்கு வாழையிலைத் துண்டில் பொங்கல் கொண்டுவந்தான்.

கட்டைகளைப் பார்த்து நின்றுவிட்டான்.

“அண்ணே, நீங்களா வச்சீங்க?”

“ஆமாம்.”

“வைக்கக் கூடாதுன்னு நீங்கதான எழுதுனீங்க.”

“இன்றைக்குத்தானே நான் இங்கே கடைசி நாள்” என்றேன். பொய்யல்ல.

அவன் முகம் மாறியது. பொங்கலைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். “ஒங்களுக்கு இந்த மெஷின் மேல இவ்ளோ பாசமாண்ணே. நான் வெளாட்டா நெனச்சிட்டேனே” என்றான். கண் கலங்கியிருந்தது. அப்புறம் குனிந்து பார்த்தான். “என்னாண்ணே, ஓரத்துல எண்ண கசியுது?”

“விளக்கு எண்ணெய். கை ஆடிவிட்டது.”

இடுப்பிலிருந்து துணியை உருவினான். அவன் நல்ல ஃபிட்டர், அதை நான் எங்கும் மறுக்கவில்லை. துணியைக் கட்டை வரைக்கும் கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது.

“பூசைக்கு வச்ச பொட்ட எப்படிண்ணே தொடைக்கிறது” என்றான். “அதுவும் நீங்க வச்சது. பொறுங்க, சாயந்தரம் பாத்துக்குறேன். ஒரு சொட்டு எண்ணதான.”

துணியை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டான். அவன் துடைக்கமாட்டான் என்று நான் கணக்குப் போடவில்லை. துடை என்றும் சொல்லவில்லை.

பதினொன்றே முக்காலுக்கு எல்லாரும் தண்டவாளத்தைச் சுற்றி நின்றார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. நான் பதிவேட்டில் ‘முதல் ஓட்டம், மணல்மூட்டை’ என்று எழுதினேன். மூட்டையைத் தூக்கப் போனவனைப் பிச்சைமுத்து நிறுத்தினான்.

“சாமி கும்பிட்ட கார்ல மணலையாடா ஏத்துவாங்க? நான் குந்துறேன். எனக்கு எதுத்தாப்புல எம்மவ.”

“அப்பா, தோத்துட்டு அழக் கூடாது” என்றாள் பாப்பா.

“நீ பால்குடிக்கிறப்பவே நான் ரேஸ் ஓட்டுனவன்.”

“ஒட்ட சைக்கிள்லயா?” என்றாள் முத்தம்மா. கூட்டம் கைதட்டியது. பாப்பா ஓடிப்போய் மஞ்சள் காரில், இரண்டாம் நம்பரில் ஏறிக்கொண்டாள். இரண்டாவதில் உட்கார்ந்தால் ஜெயிக்கலாம் என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. அதற்கு ஆதாரம் கிடையாது. பதிவேட்டில் இரண்டும் ஏறத்தாழச் சமம்தான்.

அந்த இடத்தில்தான் நான் கூண்டை விட்டு இறங்கி வந்தேன். என் முகத்தைப் பார்த்துச் சிலர் பேச்சை நிறுத்தினார்கள். “பாப்பா, நீ ஒன்றாம் நம்பருக்குப் போ” என்றேன்.

“ஏன் மாமா? அப்பா ஜெயிக்கணும்னு லஞ்சம் வாங்கிட்டீங்களா?”

“போ என்றால் போ.”

நான் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. இறங்கிப் போனாள். பிச்சைமுத்து மஞ்சள் காரில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கினான். லூயிஸ் கேமராவோடு நின்றார். நான் கூண்டுக்குத் திரும்பினேன். பதிவேட்டில் ‘மணல்மூட்டை’ என்பதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, ‘பிச்சைமுத்து, பாப்பா’ என்று திருத்தினேன். திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன். பிறகு பொத்தானை அழுத்தினேன்.

அப்பன்தான் முதலில் மிதித்தான். ஒன்றாம் நம்பர் கார் கோட்டின் முடிவில் வழக்கம்போல நின்றது. இரண்டாவது நிற்காமல் அதைத் தாண்டிப் போனது. தன்னைத் தாண்டிப் போனதால் அப்பா ஜெயித்துவிட்டார் என்று பாப்பா உட்கார்ந்தபடியே கைதட்டினாள். கேசட்டில் இன்ஜின் இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.

மணல்மேடு அவனை நிறுத்தியிருக்க வேண்டும். மணல்மேட்டைப் பற்றி நான் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். கார் அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் போய்விட்டது. குட்டையின் அந்த ஓரத்தில் நாற்பதடி ஆழம். ஆட்கள் குதித்தார்கள். பெல்ட் கழலவில்லை என்று பிறகு சொன்னார்கள். என் கோரிக்கைகளில் நிறைவேறியது அந்தப் பெல்ட் ஒன்றுதான் என்பதை ஏற்கெனவே குறிப்பிட்டேன். நான் நேரத்தை எழுதினேன், பதினொன்று ஐம்பத்திரண்டு. அப்புறம் நானும் குட்டைக்கு ஓடினேன். அழுதேன் என்று பாப்பா உங்களிடம் சொல்லியிருப்பாள். உண்மைதான்.

மூன்று வாரம் கழித்து விசாரணை இன்ஜினியரின் அறிக்கை வந்தது. நான் அதற்காகத்தான் காத்திருந்தேன். இரண்டாம் தண்டவாளத்துக் கட்டைகள் நல்ல நிலையில் இருந்தன, இன்னும் இரண்டு வருஷம் தாங்கும். பூசையின்போது ஃபிட்டர் கவனக்குறைவாக எண்ணெயும் சந்தனமும் பூசியதே காரணம். ஊழியர் ஒருவர் எழுதிய கடிதங்கள் ஆராயப்பட்டன, அவற்றுக்கும் விபத்துக்கும் சம்பந்தமில்லை. ‘ஊழியர் ஒருவர்’ என்றே போட்டிருந்தது. என் பெயர்கூட இல்லை.

செத்தவன் மேல் பழி போடுவது முறையல்ல. பிச்சைமுத்து பிரேக்குக்குச் சந்தனம் வைக்கவில்லை. எண்ணெய் ஊற்றவில்லை. இரண்டையும் செய்தது நான். காரில் மணலுக்குப் பதில் ஆள் உட்கார்ந்ததைப் பார்த்த பிறகும் பொத்தானை அழுத்தியது நான். கார் நிற்காது என்று எனக்குத் தெரியும். பாப்பாவை இறங்கச் சொன்னது அதனால்தான். அந்தப் பெண் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அவள் உயிரைக் காப்பாற்றியவன் என்று முத்தம்மா இன்றும் எனக்குச் சோறு கொடுத்தனுப்புகிறாள். அது ஒரு வகையில் உண்மை என்பதால் நான் மறுக்கவில்லை.

அப்பனை ஏன் இறக்கவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். அவனை இறக்கியிருந்தால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். மணல்மூட்டை மணலில் முட்டியதற்காக லூயிஸ் கோப்பைத் தேடுவார் என்று எனக்கு முழு நம்பிக்கை இல்லாமல் போனதும் அந்த நிமிஷத்தில்தான். அன்றைக்குத் துரை கோப்பைத் தேடியது உத்திரம் விழுந்ததற்காக அல்ல. அதன் கீழே வீரம்மா இருந்தாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்தால் நான் மறைத்ததாக ஆகும். போன சனிக்கிழமை பாப்பா சோற்றோடு ஒரு பிஸ்கட் டின்னையும் கொண்டுவந்தாள். அப்பாவின் சாமான்களோடு இருந்ததாம். உள்ளே என் பதினேழு கடிதங்களின் நகல், வரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும் பிச்சைமுத்துவின் கோணல் எழுத்து. ‘அளந்தேன். நடுவுல அஞ்சு நூல் இருக்கு.’ ‘தினம் முதல்ல மணல் மூட்டைதான், ஆரம்பிச்சாச்சு.’ ‘மணல் கேட்டேன், தவுக்கே லோரி தரல, நானே பத்து வண்டி தள்ளிப் போட்டேன், பத்தாது.’ ‘அண்ணன் சொல்றது சரி, இனிமே பிரேக்குல பொட்டு இல்ல.’ ‘மறுபடி அளந்தேன். அண்ணனுக்கு நேர்ல காட்டணும்.’ பதினேழுக்கும் அப்படி இருந்தது.

“ஒவ்வொன்னையும் படிச்சுட்டு அப்பா போய்ப் பாத்துட்டு வந்துதான் எழுதுவாரு மாமா. ஒங்களுக்குக் குடுக்கலாம்னு வச்சிருந்தாரு, எழுத்து நல்லா இல்லன்னு வெக்கம்” என்றாள் பாப்பா.

இதை வைத்து என் கடிதங்களுக்குப் பதில் வந்துவிட்டது என்று யாராவது வாதாடக்கூடும். எல்லாவற்றையும் இரண்டு முறை படித்துவிட்டேன். பென்சிலில் எழுதியது, தேதி இல்லை, கையெழுத்தும் இல்லை. அதைப் பதில் என்று எடுத்துக்கொள்ள முடியாது.